வாடகைக் கோட்டு

முள்ளிக்குடியில் செத்துப்போன ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே கோட்டுதான். நீலக் கோட்டு, சிவப்பு டை, உள்ளே மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பின்னால் ஒரு நீலத் திரை. இருந்த காலமெல்லாம் கைலியும் துண்டுமாகத் திரிந்த பால்காரரும், பஸ் ஸ்டாண்டில் சுண்டல் விற்றவரும், கல்யாண வீட்டுக்குக்கூடச் சட்டைப் பொத்தானைப் போடாமல் போன சண்டியரும், செத்த அன்று மதியத்துக்குள் கோட்டு மாட்டிக்கொண்டு சுவரில் ஏறிவிடுவார்கள். ஏனென்றால் மேலத்தெரு முக்கில் 'வடிவு கிராபிக்ஸ்' என்று ஒரு கடை இருந்தது, அந்தக் கடையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது, அந்தக் கம்ப்யூட்டருக்குள் அந்தக் கோட்டு இருந்தது. ரேஷன் கார்டிலிருந்தோ, யாரோ ஒருத்தர் கல்யாணத்தில் கும்பலாக எடுத்த படத்திலிருந்தோ முகத்தை மட்டும் காதோரம் பிசிறில்லாமல் வெட்டியெடுத்து, கழுத்துக்குக் கீழே கோட்டைப் பொருத்தி, மேலே 'கண்ணீர் அஞ்சலி' போட்டு அடித்துக் கொடுப்பவள் சண்முகவடிவு. பெரியவர்களுக்கு வடிவு, சின்னவர்களுக்கு வடிவக்கா. கோட்டு இல்லாமல் அடித்தால் செத்தவரைக் கேவலப்படுத்திவிட்டதாகச் சண்டைக்கு வருவார்கள். கோட்டு போட்டால் அவர் போய்ச்சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம் என்பதால், உயிரோடு இருக்கிற எவனும் அந்த ஊரில் கோட்டைத் தொடுவதில்லை, மாப்பிள்ளை அழைப்புக்குக்கூட.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்தக் கோட்டு காணாமல் போயிற்று.

கடையைத் திறந்து, பிள்ளையார் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தி, கம்ப்யூட்டரைப் போட்ட வடிவு, திரை முழுக்கக் கறுப்பாகவும் நடுவில் சில வரிகள் மட்டும் வெள்ளையாகவும் நிற்பதைக் கண்டாள். இந்த சிஸ்டம் உங்களுடையது அல்ல, இதை நீங்கள் இத்தனை காலம் பயன்படுத்தி வந்தது எங்களுக்குத் தெரியும், இனி மாதாமாதம் வாடகை கட்டினால் தொடரலாம் என்று கம்பெனி மரியாதையாகவே எழுதியிருந்தது. மதுரையில் ஒரு சந்துக் கடையில் வாங்கிய சி.டி.யிலிருந்து போட்ட சிஸ்டம் அது. திருட்டு என்று அவளுக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். கம்பெனிக்கும் அது முதல் நாளே தெரியும், நன்றாகப் பழகட்டும், விட முடியாத அளவுக்குப் பழகட்டும் என்று விட்டுவைத்திருந்தார்கள் என்பதுதான் யாருக்கும் தெரியாமல் இருந்தது.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், முள்ளிக்குடியின் எல்லா வீட்டுச் சுவரிலும், டீக்கடைத் தட்டியிலும், மின்கம்பத்தில் பாதி கிழிந்து தொங்கிய போன வருஷத்துப் போஸ்டரிலும் இருந்த செத்தவர்களின் உடம்பிலிருந்து கோட்டும் டையும் நீலத் திரையும் கழன்று போய்விட்டன. படம் எடுத்த அன்றைக்கு எப்படி இருந்தார்களோ அப்படியே எல்லோரும் நின்றார்கள். பால்காரர் இடுப்பில் ஈரத் துண்டோடு எருமைக்குப் பக்கத்தில் நின்றார். சண்டியர் யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாளில் தலையில் காகிதத் தொப்பியும் வாய் நிறையக் கேக்குமாகச் சிரித்தார். சுண்டல்காரர் ரேஷன் கடை வரிசையில் அரைக்கண் மூடி நின்றார், அவருக்குப் பின்னால் நின்றவர்களின் பாதி மூஞ்சிகளும் கண்ணாடிச் சட்டத்துக்குள் வந்துவிட்டதால் அந்த வீட்டில் நான்கைந்து அந்நியர்களுக்கும் சேர்த்துத்தான் விளக்கேற்ற வேண்டியதாயிற்று.

யாரும் அலறவில்லை. முள்ளிக்குடிக்காரர்கள் எதற்கும் அலறுகிற ஆட்கள் இல்லை, எது வந்தாலும் அதற்கு ஒரு துண்டை எடுத்துப் போர்த்தி மூடத் தெரிந்தவர்கள். மதியத்துக்குள் பாதிப் படங்களில் துண்டு தொங்கியது. தையல்கடை மீரான் பாய், சட்டத்தின் மேலேயே மாட்டிக்கொள்கிற மாதிரி எலாஸ்டிக் வைத்த குட்டிக் கோட்டுகளைத் தைத்துக் கடை வாசலில் தோரணமாகத் தொங்கவிட்டார், வெள்ளிக்கிழமைக்குள் துணி தீர்ந்து பச்சையிலும் தைத்தார். செத்துப்போன டீக்கடைக்காரரின் படத்தில் அவர் தோள் மேல் வளையல் போட்ட ஒரு கை இருந்தது, அது அவர் பெண்டாட்டியின் கை இல்லை. அந்த அம்மாள் முதலில் அந்தக் கையோடு சண்டை போட்டாள், பிறகு அந்தக் கைக்காரியைத் தேடிப்போய்ச் சண்டை போட்டாள், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து செத்தவரைத் திட்டினார்கள், இப்போது ஞாயிற்றுக்கிழமை ஒருத்தி வீட்டுக் குழம்பு இன்னொருத்தி வீட்டுக்குப் போகிறது. இப்படி ஊர் பழகிக்கொண்டது. பழகியும் ஆத்திரம் போகவில்லை, அந்த ஆத்திரம் முழுக்க வடிவு கடை வாசலுக்கு வந்து நின்றது.

"ஏட்டி வடிவு, எங்க வீட்டு ஆள எருமையோட நிக்க வச்சிட்டியே, நாளைக்கு மக மாமியா வீட்டுல இருந்து வாராவ, நா எந்த மூஞ்சிய வச்சிட்டு நிப்பேன்?" என்று கத்தினாள் பேச்சியம்மாள். பால்காரரின் பெண்டாட்டி, ரைஸ்மில் களத்தில் நெல் காயப்போடுகிறவள்.

"நா என்னத்தச் செஞ்சேன் மதினி? கம்பெனிக்காரன் புடுங்கிட்டுப் போயிட்டான்."

"ஒன் கடையில அடிச்சதுதான? காசு வாங்குனவ நீதான? அப்ப கோட்டு யாருது?"

வடிவு கடையைச் சாத்திவிட்டு, அதே கோபத்தோடு மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனாள். உள்ளே நுழைந்ததும், சுவரில் இருந்த தம்பி சுடலையின் படத்தைப் பார்த்தாள். சாப்பிடவில்லை.

சுடலை பரமார்த்தலிங்கம் அண்ணாச்சியின் ரைஸ்மில்லில் நெல் அவிக்கிற பாய்லரில் வேலை பார்த்தவன். போன வருஷம் ஆயுத பூஜை கழிந்த மறுவாரம் நீராவிக் குழாய் வெடித்துச் செத்துப்போனான். அக்காவுக்கும் தம்பிக்கும் அப்பா அம்மா இல்லை, அவனை வளர்த்ததும் படிக்க வைத்ததும் இவள்தான், அவனுக்குக் கோட்டு மாட்டியதும் இவள்தான். விசாரிக்க வந்த அதிகாரி அதற்குள் மாற்றிவைத்திருந்த புதுக் குழாயைப் பார்த்தார், மில் ஆபீசில் இளநீர் குடித்தார், பையனின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார். அண்ணாச்சி தன் செலவில் ஊரெல்லாம் போஸ்டர் அடித்து ஒட்டினார். அதற்கான படத்தை வடிவு தன் போனிலிருந்துதான் எடுத்தாள், பூஜை அன்று அவன் செல்ஃபி எடுத்து அனுப்பியது. அன்றைக்கு அவள் பார்த்தது முகத்தை மட்டும்தான். அந்தத் தொழிலே அப்படி, காதோரமும் தாடையோரமும் கோடு போட்டுக்கொண்டே போகிற கண்ணுக்கு வெளியே இருக்கிற எதுவும் படாது, வெட்டி முடித்ததும் மீதியை அழித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட வேண்டும். போன் பிறகு தண்ணீரில் விழுந்து செத்தது.

இப்போது கோட்டும் திரையும் போன படத்தில் மீதி முழுக்க இருந்தது. சுடலை அழுக்கு பனியனோடு பாய்லர் முன்னால் நின்றான். அவன் தோளுக்குப் பின்னால் நீராவிக் குழாய், குழாயின் மூட்டில் சுற்றிச் சுற்றிக் கட்டிய ஈரச்சாக்கு, சாக்கைத் தாண்டிக் கசிகிற வெள்ளை ஆவி. சாக்கின் மேல் பூஜைக்காகச் சந்தனம் அப்பியிருந்தது, அதன் நடுவில் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தது ஒரு கை. கையின் மோதிர விரலில் பச்சைக் கல்.

அந்தப் பச்சைக் கல் மோதிரத்தைத் தெரியாதவர்கள் முள்ளிக்குடியில் இல்லை. சம்பளம் கொடுக்கிற கை அது, கோயில் கொடைத் திருவிழாவில் முதல் மரியாதை வாங்குகிற கை. குழாய் ஒழுகுவது எனக்குத் தெரியவே தெரியாது, தெரிந்தால் விடுவேனா என்று அதிகாரியிடம் நெஞ்சில் வைத்துச் சத்தியம் செய்ததும் அந்தக் கைதான். ஒழுகுகிற இடத்துக்கே பொட்டு வைத்துக் கும்பிட்டிருக்கிறது.

அதே படம் மில் ஆபீசிலும் டீக்கடையிலும் தொழிலாளர் ஓய்வறையிலும் தொங்கியது. எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு டீயைக் குடித்தார்கள். சாயங்காலத்துக்குள் அந்தப் படங்களிலும் ஒவ்வொரு துண்டு தொங்கியது. எருமைக்குப் போட்ட அதே துண்டு, காகிதத் தொப்பிக்குப் போட்ட அதே துண்டு! ஒரு உயிரைக் குடித்த சாக்குக்கும் அதே துண்டைத்தான் போட்டார்கள். அதைப் பார்த்தபோது வடிவுக்கு வந்த கோபம் கம்பெனி மேல் வந்த கோபத்தை விடப் பெரிதாக இருந்தது, அது நெஞ்சிலிருந்து இறங்கவே இல்லை.

மறுநாள் பரமார்த்தலிங்கம் அண்ணாச்சியே கடைக்கு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைக்கச் சொல்லி உட்கார்ந்தார்.

"என்னம்மா வடிவு, ஊரே நாறிப்போய்க் கெடக்கு. செத்தவங்கள இப்பிடி அம்மணமா விடலாமா? அந்தக் கம்பெனி வாடகைய நான் கட்டுதேன். மாசாமாசம் கட்டுதேன். ஒனக்கு ஒரு பைசா செலவு கெடையாது. எல்லாருக்கும் கோட்டு திரும்பி வரட்டும்."

"எல்லாருக்கும்னா, சுடலைக்கும் வரும்லா அண்ணாச்சி?"

"வரணும்லாம்மா. அவன் நம்ம பையன்."

"அந்தப் படத்துல ஒரு கை இருக்கு."

அண்ணாச்சி மோதிரத்தை மறைக்கவில்லை, அவருக்கு மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. "கோட்டு தானா மறையுதுங்காவ, எருமை தானா தெரியுதுங்காவ. இதெல்லாம் ஏதோ கண்கட்டு வித்தை. வித்தையில வந்த படத்த நம்பி எவனாவது கேஸு நடத்துவானா? யோசிச்சுச் சொல்லு. கடைக்கட்டடம் நம்மளோடதுன்னும் ஞாபகம் வச்சுக்கோ." எழுந்து போய்விட்டார்.

அவர் சொன்னது சரிதான் என்பதுதான் வயிற்றெரிச்சலாக இருந்தது. தானாகத் தெரிந்த படம் தானாகவே மறையும். வித்தையில்லாத படம் வேண்டும், அவன் எடுத்த அசல் படம் வேண்டும். இவள் போன் செத்தது, அவன் போன் பாய்லரோடு போயிற்று, கடைக் கம்ப்யூட்டரில் மீதியை இவளே அழித்தாள். அப்போதுதான் அவளுக்கு பீரோவின் அடித்தட்டு ஞாபகம் வந்தது.

சுடலைக்குப் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த லேப்டாப் அங்கே இருந்தது, போனில் எடுக்கிற படத்தையெல்லாம் அவன் அதில்தான் போட்டுவைப்பான். வரும்போதே உள்ளே லினக்ஸ் என்று ஒரு இலவச சிஸ்டம் இருக்கும். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வாங்கிய மறுநாளே வடிவு கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள், அவள் அதை வழித்தெடுத்துவிட்டு மதுரை சி.டி.யைப் போட்டுக்கொடுப்பாள். 'இலவச லேப்டாப் ஃபார்மட் செய்து தரப்படும்' என்று கடை வாசலில் பெரிதாகவே எழுதியிருந்தது. இலவசமாக வந்தது மட்டமாகத்தான் இருக்கும், திருட்டாக வந்தால்தான் உசத்தி என்பதில் ஊருக்கும் சந்தேகம் இல்லை, அவளுக்கும் இல்லை. எத்தனை லேப்டாப்பில் வழித்துப் போட்டிருப்பாள் என்பது அவளுக்கே தெரியாது. தம்பி மட்டும் கொடுக்கவில்லை.

"யக்கா, இதுல கைய வைக்காத," என்று லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு சொன்னான். "இது யார்ட்டயும் எதையும் கேக்காது. நீ போடுதது இருக்கே, அது என்னைக்காவது வந்து கேக்கும்."

"போலே, வெவரங்கெட்டவனே," என்று அவள் சிரித்தாள்.

இப்போது துணி சுற்றியிருந்த அந்த லேப்டாப்பை எடுத்து, சார்ஜரைச் செருகி, பொத்தானை அமுக்கிவிட்டு, பூட்டு ஏதாவது கேட்கும், கேட்டால் என்ன செய்வது என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். அது எதுவும் கேட்கவில்லை. நேராகத் திறந்துகொண்டது. அவன் எதையும் பூட்டிவைக்காமல் போயிருந்தான். அதற்காக அவள் அழுதாள், அழுதுகொண்டே அவனைத் திட்டவும் செய்தாள், ஏனென்றால் திறந்த பிறகு அதில் ஒன்றுமே இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கீழே இருக்க வேண்டிய பட்டை மேலே இருந்தது. மை கம்ப்யூட்டர் என்கிற படமே இல்லை. சி டிரைவ் எங்கே என்று தேடினாள், அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. இத்தனை வருஷம் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்த்தவள், ஒரு படம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் முதல் நாள் பள்ளிக்கூடம் போன பிள்ளை மாதிரி முழித்தாள்.

தேடித் தேடி, 'பூஜை' என்று அவன் பெயர் வைத்திருந்த ஒரு கோப்புறையைத் திறந்தாள். படம் இருந்தது. பனியன், பாய்லர், சாக்கு, சந்தனம், கை, பச்சைக் கல். எடுத்த தேதியும் நேரமும் அதனோடு இருந்தன. வித்தை எதுவும் இல்லை.

படம் கிடைத்தால் போதுமா? அடிக்க வேண்டும், ஊர் முழுக்க ஒட்ட வேண்டும், அதற்குக் கடைக் கம்ப்யூட்டர் வேண்டும். அதில் கம்பெனியின் கறுப்புத் திரை உட்கார்ந்திருந்தது. இணையத்தில் இந்த லினக்ஸுக்கென்று தமிழில் பேசுகிற ஒரு கூட்டம் இருந்தது, மன்னார்குடியிலும் மலேசியாவிலும் யாழ்ப்பாணத்திலும் உட்கார்ந்துகொண்டு முகம் தெரியாதவர்களுக்குப் பதில் எழுதுகிறவர்கள். அங்கே போய் வடிவு ஒரு கேள்வி போட்டாள், அதில் கேள்வியை விடத் திட்டுதான் அதிகம். ஒருத்தர் பொறுமையாகப் பதில் எழுதினார். என்ன இறக்க வேண்டும், பென் டிரைவில் அதை எப்படி ஏற்ற வேண்டும், எல்லாம் சொன்னார், காசு எதுவும் கேட்கவில்லை, பெயரைக்கூடச் சொல்லவில்லை. முதலில் பழையதை அழிக்காமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள் அக்கா, உங்கள் கோப்புகளை நகல் எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதினார். அப்படி ஓட்டிப் பார்த்தபோது, கம்பெனி பூட்டிவைத்த இடத்தில் செத்தவர்களின் முகங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. ஒவ்வொன்றையும் நகல் எடுத்தாள். கோட்டு இருந்த கோப்பைத் திறந்தால் மட்டும் கோட்டின் உருவத்துக்கு ஒரு வெறுமை இருந்தது. வாடகை கட்டினால் அது நிறையும் என்று அவளுக்குப் புரிந்தது. அழித்துவிட்டால் நிறையவே நிறையாது என்பதும் புரிந்தது.

அவள் அழிக்கப்போகிறாள் என்று ஊருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. சனிக்கிழமை முற்பகல் கடை வாசலில் கூட்டம் கூடியது, மில் மேனேஜர் கையில் பேங்க் அட்டையோடு முன்னால் நின்றார், ஒரு நிமிஷத்தில் வாடகை கட்டிவிடலாம் என்றார்.

"எங்க கோட்ட அழிக்க நீ யாருட்டி?" என்று பேச்சியம்மாள் கேட்டாள். "அண்ணாச்சி புண்ணியத்துல திரும்பி வாரத நீ ஏன் கெடுக்க?"

"மதினி, அது நம்ம கோட்டு இல்ல. என்னைக்கும் நம்ம கோட்டா இருந்தது இல்ல. இந்த மாசம் அவரு கட்டுவாரு. அடுத்த மாசம் அவரு சொல்லுததக் கேக்கலன்னா ஒங்க வீட்டுக்காரரு மறுபடி எருமையோட நிப்பாரு. செத்தவன் மானத்த மாசாமாசம் ஒருத்தன் கையில குடுக்கச் சொல்லுதீயளா?"

"அதுக்காக?"

"அதுக்காக ஒண்ணும் இல்ல. எந் தம்பி மேல அந்தக் கோட்டு இனிமே ஏறக்கூடாது. அவ்வளவுதான்." அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "ஒங்க எல்லாருக்கும் தெரியும். டீய ஆத்திக் குடிச்சிட்டே பாத்திய. ஒருத்தராவது வந்து, ஏ வடிவு, அது அவரு கைதான்னு எங்கிட்ட சொன்னியளா? துண்டத்தான போட்டிய?"

கூட்டத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. திரையில், இந்த வட்டு முழுவதும் அழிக்கப்படும், உறுதியா என்று ஒரு கேள்வி நின்றது. அவள் ஆம் என்று அமுக்கினாள். ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நிதானமாக நகர்ந்தது. அது நகர்ந்து முடிகிற வரை முள்ளிக்குடி வாயைத் திறக்கவில்லை, முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து திட்டினார்கள். மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனவர்களும் உண்டு.

அதற்குப் பிறகு வடிவு பட்ட பாடு தனி. கறுப்புக் கட்டத்தில் பாஸ்வேர்டு கேட்டது, அடித்தால் ஒரு புள்ளிகூட விழவில்லை. விசைப்பலகை செத்துவிட்டது என்று கழற்றி உதறினாள், மறுபடி மாட்டினாள், கடைசியில் இணையத்தில் போய் இதென்ன மானங்கெட்ட சிஸ்டம் என்று எழுதினாள். 'அக்கா, பாஸ்வேர்டு அடிக்கும்போது எழுத்து தெரியாது. அது உங்களை அவமதிக்கவில்லை. அடித்துவிட்டு என்டர் தட்டுங்கள்' என்று அதே ஆள் பதில் போட்டார். பழைய ஃபாண்டில் அடித்துவைத்த தமிழெல்லாம் இங்கிலீஷ் எழுத்துக் குப்பையாகத் தெரிந்தது. அவள் விரல் பழகிய பழைய தட்டச்சு முறை எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் உயிர் போயிற்று. பிரிண்டர் தன்னை யாரென்றே தெரியாத மாதிரி நின்றது. ஒவ்வொன்றுக்கும் கத்தினாள், ஒவ்வொன்றும் கத்திய பிறகு வழிக்கு வந்தது. வந்தது மறுபடி போகவில்லை.

ஒரு நாள் பேச்சியம்மாள்தான் முதலில் வந்தாள். கோபம் தீராமலேயே வந்தாள். "மக மாமியா வந்தா," என்றாள். "படத்தப் பாத்துட்டு, இந்த எருமைதான் ஒங்கள வளத்துச்சான்னு கேட்டா. ஆமான்னேன். அதுக்கும் ஒரு கும்பிடு போட்டா." கொண்டுவந்த படத்தை மேசையில் வைத்தாள். "கோட்டு வேண்டாம். இடுப்புத் துண்டுக்கு மேல ஒரு வெள்ளச் சட்ட மட்டும் போட்டுக் குடு. எருமை இருக்கட்டும்." புது சிஸ்டத்தில் கோட்டு கிடையாது, சட்டையும் கிடையாது. வடிவு ஒரு சட்டையை வரைந்தாள், கை கோணலாக வந்தது, பேச்சியம்மாள் வாங்கிக்கொண்டு போனாள்.

அண்ணாச்சி சும்மா இருக்கவில்லை. இவள் இல்லாவிட்டால் என்ன, கம்பெனியோடு நானே பேசுகிறேன் என்று மேனேஜரை வைத்துப் பேசினார். யார் பெயரில் வாடகை என்று கம்பெனி கேட்டது. அவர் தன் பெயரைச் சொன்னார், ஒரு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினார். முள்ளிக்குடியின் மானத்தை அண்ணாச்சி மீட்டார் என்று டீக்கடையில் பேச ஏற்பாடும் செய்தார்.

மறுநாள் காலையில் கோட்டு திரும்பி வந்தது. பணம் கட்டியவருக்கு வந்தது.

பரமார்த்தம் பிராண்டு அரிசி மூட்டை என்றால் அந்த வட்டாரமே அறியும், மூட்டைக்கு மூட்டை அண்ணாச்சி வெள்ளைச் சட்டையில் கைகூப்பிச் சிரிப்பார். அன்றைக்கு எல்லா மூட்டையிலும் அவர் நீலக் கோட்டும் சிவப்பு டையுமாக நீலத் திரைக்கு முன்னால் நின்றார். பஸ் ஸ்டாண்டுப் பேனரிலும், கோயில் கொடை நோட்டீசிலும், கல்யாண மண்டபத்து வாசல் படத்திலும், அவர் வீட்டு ஹாலில் பெண்டாட்டியோடு உட்கார்ந்திருந்த கல்யாணப் போட்டோவிலும் கோட்டு. மளிகைக்கடைக்காரர் மூட்டையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பக்கத்து ஊர் வியாபாரிகள் பெரிய மாலையாக வாங்கிக்கொண்டு வேனில் வந்து இறங்கி, அண்ணாச்சியே கதவைத் திறந்ததும் அவரிடமே, எப்பம் நடந்துச்சு, எடுக்கது எத்தன மணிக்கு என்று துக்கம் விசாரித்தார்கள். உயிரோடுதான் இருக்கிறேன் என்று அவர் கத்தியதை மரியாதையாகக் கேட்டுவிட்டு மாலையை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். இறந்தவர் படம் போட்ட மூட்டையிலிருந்து அரிசி எடுத்து எந்தப் பொம்பளையும் உலை வைக்கத் தயாராக இல்லை, மூட்டைகள் லாரி லாரியாகத் திரும்பி வந்தன. முள்ளிக்குடி இதற்கும் பழகியது. அண்ணாச்சி தெருவில் வந்தால் ஆட்கள் ஒதுங்கி நின்று, நல்ல மனுசன், இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்தாவ என்று சொல்லிக்கொண்டார்கள்.

அவர் கடைக்கு வந்தபோது நல்ல வெயில். இந்தத் தடவை நாற்காலியைத் துடைக்கச் சொல்லவில்லை. வடிவு சுடலையின் வருஷ நினைவுப் போஸ்டருக்கு உட்கார்ந்திருந்தாள்.

"எப்பிடியாச்சும் இதக் கழட்டும்மா. கம்பெனிக்காரன், ஒரு வருசத்துக்குக் கட்டியாச்சு, இனிமே எதுவும் செய்ய முடியாதுங்கான். நீ கழட்டு. கட்டடத்த ஒம் பேருக்கே எழுதித் தாரேன்."

வடிவு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கழட்டலாம் அண்ணாச்சி. ஆனா கோட்டு போனா, படம் எடுத்த அன்னைக்கு என்ன இருந்துச்சோ அதுதான் தெரியும். ஒங்களுக்குத் தெரியாததா?"

"அதுக்கென்ன, வெள்ளச் சட்டதான?"

"மூட்டையில போட்ட ஒங்க படம் எங்க எடுத்ததுன்னு நெனச்சிய? அதையும் நாந்தான் வெட்டுனேன். ஆயுத பூஜை அன்னைக்கு எடுத்த படம்." அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். சுடலையின் கோப்புறையில் அடுத்த படம் அது. பரமார்த்தலிங்கம் அண்ணாச்சி பாய்லர் முன்னால் வெள்ளைச் சட்டையில் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். காதுக்குப் பக்கத்தில் ஈரச்சாக்கு, சந்தனம், குங்குமம், ஆவி. குங்குமம் இன்னும் விரலில் ஒட்டியிருந்தது. "கழட்டுனா எல்லா மூட்டையிலயும் இதுதான் வரும். ஊரு ஊரா வரும். கழட்டவா?"

அண்ணாச்சி படத்தைப் பார்த்தார். மோதிரத்தைப் பார்த்தார். வெளியே அவருடைய கார் நின்றது, கார்க் கண்ணாடியில் ஒட்டியிருந்த அவர் படமும் கோட்டில்தான் இருந்தது.

"இருக்கட்டும்," என்றார் மெதுவாக.

"அப்ப இருக்கட்டும். எந் தம்பி அதப் போட்டுட்டு ஒரு வருசம் நின்னான். நீங்க நில்லுங்க."

அவர் போன பிறகு, வாசலில் பேச்சியம்மாள் நிற்பதை வடிவு பார்த்தாள். அவளுக்குப் பின்னால் மில் பாய்லர் ஆட்கள் மூன்று நான்கு பேர், தலையைக் குனிந்துகொண்டு. பேச்சியம்மாள் இடுப்பில் பசை வாளி இருந்தது. தோளில் கிடந்தது ஓய்வறையில் சுடலை படத்துக்குப் போட்டிருந்த துண்டு.

"எடுத்துட்டு வந்துட்டேன்," என்றாள். "இத இப்ப நா எங்க வைக்க?"

"தரையத் தொடைங்க மதினி. பசை சிந்தும்."

வடிவு போஸ்டருக்குத் திரும்பினாள். மேலே சுடலை, பனியனோடு, வெட்டாத படம், வெட்டாத கை. அடியில் எல்லாப் போஸ்டரிலும் 'கண்ணீருடன்' என்று வருகிற இடத்துக்கு வந்ததும் நின்றாள். அங்கே 'ஆத்திரத்துடன், அக்கா' என்று அடித்தாள். பிரிண்ட் கொடுத்தாள். எதையும் கேட்காமல் அது அடித்துக்கொண்டே போயிற்று.